சென்ட்ரிஃபியூஜை நிறுத்தச் சொன்னவங்களுக்கு: அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு கேக்குற ஒரு திறந்த மடல்

சுரங்க நிர்வாகத்துக்கும், டெயிலிங்ஸ் (தாது எடுத்த பிறகு மிஞ்சுற சேறு) செலவைக் குறைக்கச் சொல்லி கையெழுத்துப் போட்ட கமிட்டிக்கும்,

நோட்டீஸ் போர்டுல நீங்க ஒட்டுன சர்குலர் மொத்தமே நாலஞ்சு வரி. டீவாட்டரிங் யூனிட்ல (சேத்துல இருந்து தண்ணியப் பிரிக்கிற இடம்) இருக்குற சென்ட்ரிஃபியூஜ் (வேகமா சுத்தித் தண்ணியப் பிரிக்கிற மெஷின்) எல்லாத்தையும் நிறுத்தணும், திக்னர் (மண்ணு மெதுவா கீழ படியுற பெரிய தொட்டி) அடியில இருந்து வர்ற ஸ்லரிய (மண்ணும் தண்ணியும் கலந்த கூழ்) நேரா பழைய பாண்டுக்கே (கரை கட்டித் தேக்குற சேத்துக் குளம்) திருப்பி விடணும், பாலிமர் (துகளை ஒண்ணு சேக்குற கெமிக்கல்) செலவு பட்ஜெட்டைத் தாண்டிப் போயிருச்சு, மறு உத்தரவு வரைக்கும் இதுதான் தற்காலிக ஏற்பாடு. இதப் படிச்சுட்டு ஷிஃப்ட்ல இருந்த யாரும் ஒரு வார்த்தை பேசல, ஏன்னா பேச வேண்டியத எல்லாம் லாக் புக்லயும் மீட்டிங்லயும் மெயில்லயும் பல மாசமா பேசியாச்சு, எல்லாத்துக்கும் வந்தது ஒரே பதில்தான், "நோட்டட்". அதனாலதான் இப்போ எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன். நான் அந்த யூனிட்ல ஷிஃப்ட் பாக்குற ஆளு. மெஷினை டிசைன் பண்ண ஆளு இல்ல, ஆனா அது நல்லா ஓடுதா இல்லையான்னு கதவுக்கு வெளிய நின்னு சத்தத்தை வச்சே சொல்லத் தெரியும்.

உங்க கணக்குத் தாள்ல பாலிமருக்கு ஒரு கட்டம் இருக்கு, கரண்டுக்கு ஒரு கட்டம் இருக்கு, கேக் (தண்ணி பிரிஞ்ச பிறகு மெஷின்ல இருந்து வர்ற கெட்டி மண்ணு) அள்ளிட்டுப் போற லாரி டீசலுக்குக் கூட ஒரு கட்டம் இருக்கு. தண்ணிக்கு மட்டும் இல்ல. எனக்கு இருக்குற சண்டையே அதுதான், மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான்.

கணக்கப் போட்டுக் காட்டுறேன், கால்குலேட்டர் கூட வேணாம். எங்களுக்கு வர்ற ஸ்லரில சுமாரா 25 சதவீதம் திடப்பொருள். காகிதத்துல பாக்க நல்ல நம்பரா தெரியும், ஆனா ஒரு டன் காஞ்ச மண்ணு தன்னோட 3 டன் தண்ணியையும் இழுத்துட்டு வருதுன்னு அர்த்தம். சென்ட்ரிஃபியூஜ் ஒழுங்கா ஓடி கேக் 60 சதவீதத்துல வெளிய வந்தா, அந்த ஒரு டன் மண்ணோட போறது வெறும் 670 கிலோ தண்ணி, மிச்சம் 2.3 டன் தண்ணி திரும்ப பிளான்ட்டுக்கே வந்துருது. நீங்க மெஷினை நிறுத்துன நிமிஷத்துல இருந்து அந்த 2.3 டன்னும் பாண்டுக்குப் போகுது, ஒவ்வொரு டன் மண்ணுக்கும், ராப்பகலா. இடக் கணக்கும் அதே கதைதான். ஒரு டன் மண்ணு ஸ்லரியா போனா கிட்டத்தட்ட 3.4 கன மீட்டர் இடம் புடிக்கும், கேக்கா போனா ஒரு கன மீட்டரும் கொஞ்சமும்தான். அப்போ பாலிமர்ல மிச்சம் புடிச்ச காச கரைய உசத்துறதுலதான் போடப் போறீங்க, அது இந்த வருஷ பட்ஜெட்ல வராதுங்கறது மட்டும்தான் வித்தியாசம்.

இன்னொண்ணும் இருக்கு. மாச ரிப்போர்ட்ல கேக் 60ல இருந்து 50க்கு இறங்குனப்போ "பத்து பாயின்ட்தானே, பரவால்ல"ன்னு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னாரு, எல்லாரும் தலையாட்டுனாங்க. 50 சதவீதம்னா ஒரு டன் மண்ணுக்கு ஒரு டன் தண்ணி. 670 கிலோவா இருந்தது 1000 கிலோ ஆயிருச்சு, அதாவது வெளிய போற தண்ணி ஒன்றரை மடங்கு ஆயிருச்சு. இதுக்குப் பேரு பத்து பாயின்ட்டா? சதவீதத்தைத் திடப்பொருள் பக்கம் இருந்து மட்டும் பாத்துட்டே இருந்தா இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது, அதனாலதான் ரிப்போர்ட்ல தண்ணியையும் டன்ல எழுதுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டோம்.

"பாண்டுல விட்டா தானா படிஞ்சிரும், வெயில்ல காஞ்சிரும்" இது அடுத்த வாதம். மணலா இருந்தா படியும், ஒத்துக்குறேன், மணல் டெயிலிங்ஸுக்கு யாரும் சென்ட்ரிஃபியூஜ் வாங்கச் சொல்லல. நம்ம கிட்ட வர்றது களிமண்ணு. 2 மைக்ரானுக்கும் சின்னத் துகள், ஒவ்வொண்ணு மேலயும் நெகட்டிவ் சார்ஜ், ஒண்ண ஒண்ணு கிட்ட சேர விடாம தள்ளிக்கிட்டே இருக்கும், சும்மா விட்டா மாசக்கணக்குல தொங்கிட்டே நிக்கும். கனடால ஆல்பர்ட்டா எண்ணெய் மணல் சுரங்கங்கள்ல இத பல பத்து வருஷமா பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. மெல்லிய துகள் முதல் சில வருஷத்துல 30, 35 சதவீதம் வரைக்கும் இறங்கும், அதோட நின்னுரும், அப்புறம் எத்தன வருஷம் காத்துட்டு இருந்தாலும் பெருசா மாறாது. 35 சதவீதம்னாலும் ஒரு டன் மண்ணுக்கு இன்னும் 1.85 டன் தண்ணி உள்ளயேதான் இருக்கு. மேல்பரப்பு வெயில்ல காஞ்சு பொறுக்கு தட்டி வெடிச்சுக் கிடக்கும், பாக்குறவங்க தரைன்னு நெனைப்பாங்க, கீழ அப்படியே சேறு. அங்கயும் கடைசில பாலிமர் கலந்து சென்ட்ரிஃபியூஜ்ல போட்டு எடுக்குற வழிக்குத்தான் வந்தாங்க, மில்ட்ரெட் லேக்ல 2015ல பெரிய பிளான்ட்டே ஓட ஆரம்பிச்சுது. அவங்களுக்குப் பொழுது போகாம செஞ்சது இல்ல அது.

இப்போ பாலிமர் செலவுக்கு வர்றேன், ஏன்னா குத்தம் எங்க தலையில விழுந்துருக்கு. "ஆப்பரேட்டருங்க இஷ்டத்துக்கு டோஸ் ஏத்துறாங்க"ன்னு சர்குலரோட வந்த குறிப்புல எழுதியிருக்கீங்க. அதுக்கு ஆதாரமா இன்னொரு பிளான்ட்ல டன்னுக்கு 30 கிராம்தான் போடுறாங்க, இங்க ஏன் 600, 700 கிராம்னு ஒரு டேபிள். ஐயா, அந்த 30 கிராம் திக்னர் டோஸ். திக்னர்ல பாலிமர் செய்ய வேண்டியது துகளை ஒண்ணு சேத்து மெதுவா கீழ இறக்குறது மட்டும்தான், அதுக்கு அங்க 10ல இருந்து 50 கிராம் வரைக்கும் போதும், நம்ம திக்னர்லயும் அவ்வளவுதான் போகுது. சென்ட்ரிஃபியூஜ்ல ஸ்லரி உள்ள நுழையுற எடத்துலயே வேகம் தூக்கி அடிக்கும், அதுக்கப்புறம் புவியீர்ப்ப விட ஆயிரம் மடங்குக்கு மேல விசை. அதுல ஒடையாத ஃப்ளாக் (துகள் ஒண்ணு சேந்த கட்டி) வேணும்னா, களிமண்ணு ஜாஸ்தியா இருக்குற சேத்துக்கு டன்னுக்கு பல நூறு கிராம் ஆகும், சில மண்ணுக்கு ஒரு கிலோவையே தாண்டும். ரெண்டு வேற வேலைக்கான நம்பரைப் பக்கத்துல பக்கத்துல வச்சு எங்கள ஊதாரின்னு சொல்லிட்டீங்க. அந்த டேபிளைத் தயார் பண்ணவரு ஒரு தடவ கூட யூனிட்டுக்குள்ள வந்து நாங்க பாத்தது இல்ல.

டோஸ் ஏறுனது உண்மைதான். ஏன் ஏறுச்சுன்னு யாராவது கேட்டீங்களா? குழியோட புதுப் பக்கத்துல வெட்ட ஆரம்பிச்சதுல இருந்து வர்ற மண்ணே வேற. ஈரம் பட்டா உப்புற களிமண்ணு கூடிருச்சு, கைல புடிச்சாலே தெரியுது, வழவழன்னு நூல் மாதிரி இழுபடுது. பாலிமர் ஒட்டிக்கிறது துகளோட மேற்பரப்புல, எடைல இல்ல, உப்புற களிமண்ணுக்கு மேற்பரப்பு பல மடங்கு அதிகம், அப்போ அதே டன்னுக்கு அதிக பாலிமர் வேணும். இதக் கண்டுபுடிக்க மெத்திலீன் ப்ளூ டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, நீலச் சாயத்தை சொட்டுச் சொட்டா விட்டு, ஃபில்டர் பேப்பர்ல ஒரு பொட்டு வச்சுப் பாத்து, சுத்தி வெளிர் நீல வளையம் தெரியுற வரைக்கும் செய்யுறது. பெரிய லேப் ஒண்ணும் தேவையில்ல. வாரத்துக்கு ரெண்டு தடவ பண்ணிக் குடுங்க, டோஸை முன்கூட்டியே சரி பண்ணிக்கலாம்னு எழுதிக் குடுத்தோம். ஆள் இல்லன்னுட்டாங்க.

இதுக்கு நடுவுலதான் பர்சேஸ்ல பாலிமரை மாத்துனாங்க. கிலோ விலை கம்மியாம். மூட்டைல "ஆனயானிக் பாலிஅக்ரிலமைட்"னு அதேதான் எழுதிருக்கு, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. ஒண்ணு இல்லைங்க. சங்கிலி நீளம் வேற, அதாவது மூலக்கூறு எடை வேற, சார்ஜ் அளவு வேற, அது ரெண்டும்தான் இந்தச் சரக்கோட உசுரே. பழசு நல்ல நீளச் சங்கிலி, ஒரே சங்கிலி நெறைய துகள்ல போய்ப் புடிச்சு இழுத்துக் கட்டும். புதுசு போட்ட மொத ஷிஃப்ட்லயே தெரிஞ்சுருச்சு. சென்ட்ரேட் (மெஷின்ல பிரிஞ்சு வர்ற தண்ணி) லைன் சாம்பிள் வால்வைத் தொறந்து கண்ணாடி ஜார்ல புடிச்சு, பின்னாடி லாக் புக்கை வச்சு வெளிச்சத்துல பாப்போம், எழுத்து படிக்க முடிஞ்சா மெஷின் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். அன்னைக்கு ஜாருக்குப் பின்னாடி புக்கே தெரியல, சாம்பல் கலர்ல கெட்டியா வந்துச்சு. டார்க் (ஸ்க்ரோலைச் சுத்த ஆகுற முறுக்கு விசை) இறங்கிட்டே போகுது, அப்படின்னா ஸ்க்ரோல் (கேக்கை வெளிய தள்ளுற திருகு) தள்ள வேண்டிய அளவுக்கு உள்ள கேக்கே சேரல, மண்ணு தண்ணியோடயே வெளிய ஓடுது. டோஸை ஏத்துனோம், கொஞ்சம் தெளிஞ்சுது. இன்னும் ஏத்துனோம், இப்போ கேக் பிசுபிசுன்னு ஷூட்ல (கேக் கீழ விழுற சரிவுப் பாதை) ஒட்டிக்கிட்டு விழவே மாட்டேங்குது, நீளக் கம்பியை வச்சுக் குத்தி விட ஒரு ஆள அங்கயே நிக்க வச்சோம்.

அந்த அழுக்கு சென்ட்ரேட் எங்க போச்சு? திக்னருக்கே திரும்பப் போச்சு. அங்க இருந்து அதே மெல்லிய துகள் திரும்ப எங்க கிட்ட வந்துச்சு, திரும்பத் தப்பிச்சுது, திரும்பப் போச்சு. சுத்திச் சுத்தி சேந்துக்கிட்டே போய் திக்னர் ஓவர்ஃப்ளோவும் கலங்கி, அந்தத் தண்ணிய எடுத்து ஓட்டுற ஃப்ளோட்டேஷன்ல (தாதுவ நுரையில மிதக்க விட்டுப் பிரிக்கிற இடம்) ரிக்கவரி கொறஞ்சுதுன்னு அவங்க ஒரு பக்கம் கத்துனாங்க. திக்னருக்கும் பாலிமர் ஜாஸ்தியாச்சு. கிலோ விலை கொறஞ்ச பாலிமர்தான் மொத்த பாலிமர் பில்லை ஏத்தி விட்டுச்சு, அந்தப் பில்லைக் காட்டித்தான் இப்போ மெஷினையே நிறுத்துறீங்க. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு பேரம் பேசுனாங்கன்னு சொல்லுவாங்க, இங்க அங்குசம் விலை ஜாஸ்தின்னு யானையவே கட்டிப் போட்டாச்சு.

பாலிமர் கரைக்கிற இடத்துலயும் இதே மாதிரிதான். பவுடரை அரை சதவீதத்துக்கு மேல போகாம கரைக்கணும், ஒவ்வொரு துகளும் தனித்தனியா நனையணும், அப்புறம் ஒரு மணி நேரமாவது டேங்க்ல மெதுவா கலக்கி ஊற விடணும், அப்போதான் சுருண்டு கெடக்குற சங்கிலி விரியும். அவசரப்பட்டா வெளிய ஜெல்லா மூடிக்கிட்டு உள்ள பவுடர் அப்படியே நிக்கும், மீன்கண்ணுன்னு சொல்லுவோம், ஸ்ட்ரெயினரைக் கழட்டுனா கைநெறைய வரும். அது அத்தனையும் காசு, ஒரு துகளைக் கூடப் புடிக்காம குப்பைக்குப் போகுது. பழைய ஸ்க்ரூ பம்ப் ரிப்பேரானப்போ ஸ்டோர்ல இருந்த சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பை மாட்டி விட்டு "ஃப்ளோ வருதுல்ல"ன்னு போனாங்க. ஃப்ளோ வருது. ஆனா அந்த இம்பெல்லர் வேகத்துல சங்கிலி துண்டு துண்டா அறுந்து வருது, அறுந்த பாலிமருக்கு டோஸ் எவ்வளவு ஏத்துனாலும் வேலைக்கு ஆகாது. அதுக்கும் மேல நல்ல தண்ணிய மிச்சம் புடிக்கிறோம்னு கரைக்கிறதுக்கு ரீசைக்கிள் தண்ணியக் குடுத்தாங்க, அதுல உப்பும் கால்சியமும் இருக்கு, சங்கிலி விரியாம சுருண்டேதான் கெடக்கும். களிமண்ணை முன்னாடியே கொஞ்சம் கட்ட கால்சியம் நல்லதுதான், ஜிப்சம் போடுறதே அதுக்குத்தான், ஆனா அது ஸ்லரிக்குள்ள இருக்கணும், பாலிமர் கரைக்கிற டேங்க்ல இல்ல. இத மூணையும் சரி பண்ணிட்டு அப்புறம் கிராம் கணக்கு கேளுங்க, பதில் சொல்றோம்.

மெஷினைப் பத்தி நீளமா சொல்லல. ஸ்க்ரோல் ஓரத்துல ஒட்டிருக்குற டங்ஸ்டன் கார்பைட் டைல் தேயும், அது தேயுறதுக்குன்னே வச்சது, தேஞ்சா மாத்தணும். மாத்தல. தேஞ்ச ஸ்க்ரோல் கேக்கை முழுசா தள்ளாது, ஒரு பக்கமா சேந்து வைப்ரேஷன்ல ட்ரிப் ஆகும். அந்த ட்ரிப்பை எல்லாம் "மெஷின் நம்பகத்தன்மை குறைவு"ன்னு எழுதி அதையும் நிறுத்துறதுக்கு ஒரு காரணமா காட்டிருக்கீங்க.

இப்போ புதுசா ஒரு வாதம் சுத்துது, பாலிமர் கெமிக்கல், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல், அதனால அதைக் கொறைக்கிறது நல்லதுதானேன்னு. இத்தன நாளா வராத அக்கறை. சரி, நேர்மையாவே பேசுவோம். பாலிஅக்ரிலமைட் சங்கிலி தானா பெரிய விஷம் கிடையாது, கவனிக்க வேண்டியது அதுல சேராம மிச்சம் நிக்குற அக்ரிலமைட் மானோமர், அது நரம்பைத் தாக்குற சரக்கு. நல்ல பாலிமர்ல அது 0.1 சதவீதத்துக்குக் கீழ இருக்கும், குடிதண்ணி சுத்தம் பண்ணப் போடுற தரத்துல 0.05க்கும் கீழ. சப்ளையர் கிட்ட பேட்ச் வாரியா சர்டிபிகேட் வாங்கணும். விலை கொறஞ்ச மூட்டையோட அந்தப் பேப்பர் வந்துச்சான்னு ஸ்டோர்ல கேளுங்க, நாங்க கேட்டப்போ காட்டல. டோஸ் சரியா இருந்தா பாலிமர் பெரும்பாலும் மண்ணோட ஒட்டி கேக்லயே போயிரும், அளவுக்கு மீறிப் போட்டாத்தான் தண்ணில தங்கும். ஆக கெமிக்கல் மேல பயம் இருந்தா செய்ய வேண்டியது சரியான பாலிமர், சரியான அளவு, சரியான டெஸ்ட். இத்தனையும் பேசுற நிர்வாகம், பாலிமர் சிந்துன தரையில எங்காளு வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சப்போ அந்த இடத்துக்கு கிரேட்டிங் போட்டுத் தரல. பாலிமர் சிந்துனா தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, இன்னும் மோசமா வழுக்கும், மணலையோ உப்பையோ போட்டு அள்ளி எடுத்துட்டுத்தான் கழுவணும். ஒரு மூட்டை மணல் கூட அந்தப் பக்கம் வச்சிருக்கல.

சென்ட்ரிஃபியூஜ்தான் உலகத்துலயே ஒசந்தது, அதைத் தொடக் கூடாதுன்னு நான் சொல்லல. 60 சதவீத கேக்ங்கறது மண்வெட்டியால வெட்டி அள்ளலாம், லாரில ஏத்தலாம், ஆனா இன்னும் ஈரம்தான், மெல்லிசா பரப்பி காய விட்டுத்தான் மேல மேல அடுக்கணும், மழைக் காலத்துல தொல்லை. ஃபில்டர் பிரஸ் போட்டா 80க்கும் மேல எடுக்கலாம், களிமண்ணுக்கு அது மெதுவா ஓடும், காசும் ஜாஸ்தி. இத விட நல்ல வழி இருந்தா தாராளமா போங்க, நாங்க அதையும் ஓட்டக் கத்துக்குறோம். ஆனா நீங்க போனது நல்ல வழிக்கு இல்ல, பின்னாடி. பாண்டுல ஸ்லரி விடுறது டெக்னாலஜி மாத்தம் கிடையாது, கணக்கை வேற ஆள் தலையில தள்ளி விடுறது.

யார் தலையில? அந்தக் கரைக்குக் கீழ இருக்குறவங்க தலையில.

பழைய பாண்டு எந்த ஸ்லரிக்குக் கட்டுனதுன்னு உங்க டிராயிங்கை எடுத்துப் பாருங்க. கரையோரமா மணல் மேடு இருக்கணும், தண்ணி கரைய விட்டுத் தள்ளி உள்பக்கமா நிக்கணும், கரைக்குள்ள நீர் மட்டம் கீழயே இருக்கணும். இப்போ களிமண்ணு ஸ்லரிய டன் டன்னா விட்டா மணல் மேட்டு மேலயே களிமண்ணு படியும், தண்ணி கரைக்கிட்ட வரும். பிரேசில்ல ஃபுண்டாவோ அணை 2015 நவம்பர் 5ல ஒடைஞ்சு 19 பேர் செத்தப்போ, விசாரணைக் குழு சொன்னது ஏறக்குறைய இதத்தான், மெல்லிய களிச் சேறு இருக்கக் கூடாத இடத்துல படிஞ்சு, அதுக்கு மேலயே கரைய உசத்திக்கிட்டுப் போனாங்க. அந்தச் சேறு டோசி ஆத்துல எறங்கி அட்லாண்டிக் கடல் வரைக்கும் போச்சு. மூணே வருஷம் சொச்சத்துல அதே மாநிலத்துல புருமாடின்ஹோ, 2019 ஜனவரி 25. 2016லயே சேறு விடுறத நிறுத்துன அணை அது, பாதுகாப்பா இருக்குன்னு சர்டிபிகேட் வாங்குன அணை. கரைக்குள்ள தண்ணி இறங்காம நின்னதுதான் பெரிய காரணம்னு நிபுணர் குழு சொல்லுச்சு, திடமா தெரிஞ்ச மண்ணு ஒரே வீச்சுல திரவமா மாறிருச்சு, உள்ள இருந்ததுல பெரும்பங்கு அஞ்சு நிமிஷத்துக்குள்ள வெளிய வந்துருச்சு. 270 உயிர். பெரும்பாலும் அந்தச் சுரங்கத்துல வேலை பாத்தவங்க, ஏன்னா கேன்டீனும் ஆபீசும் அணைக்கு நேர் கீழ இருந்துச்சு, மதியச் சாப்பாட்டு நேரம் வேற.

நம்ம வொர்க்‌ஷாப் எங்க இருக்கு? கேன்டீன் எங்க இருக்கு? மேப்பை விரிச்சுப் பாருங்க, நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல.

பழங்கதை வேணும்னா அதுவும் இருக்கு. 1972ல அமெரிக்கா பஃபலோ க்ரீக், நிலக்கரிச் சேத்து அணை, 125 பேர், ஒடையுறதுக்கு நாலு நாளுக்கு முன்னாடிதான் இன்ஸ்பெக்டர் வந்து "திருப்தி"ன்னு எழுதிட்டுப் போனாரு. 1985ல இத்தாலி ஸ்டாவா, மேல் அணை ஒடைஞ்சு கீழ் அணை மேல விழுந்து 268 பேர். 2014ல கனடா மவுன்ட் பாலி, அதுல உயிர் போகல, ஆனா அதுக்கப்புறம் 2015 ஜனவரில வந்த குழு அறிக்கை சொன்னதத்தான் நாங்க வேற வார்த்தைல கத்திக்கிட்டு இருக்கோம்: மேல தண்ணி தேங்க விடாத, உள்ள தண்ணி நிறைஞ்சு நிக்க விடாத, மண்ணைக் கெட்டிப்படுத்து. கரை எப்பவாச்சும் ஒடையலாம், ஆனா உள்ள தண்ணி இல்லன்னா ஒடைஞ்சாலும் அது அங்கயே சரிஞ்சு நிக்கும், ஆத்துல எறங்கி ஊரைத் தேடிப் போகாது. நாங்க டோசிங் பம்ப் பக்கத்துல நின்னு பாக்குற வேலையோட மொத்த அர்த்தமும் இதுதான். அதைத்தான் "பட்ஜெட்டைத் தாண்டிய செலவு"ன்னு எழுதிருக்கீங்க.

ஆண்டறிக்கைல 2020 ஆகஸ்ட்ல வந்த உலகளாவிய டெயிலிங்ஸ் தரத்தைக் கடைப்புடிக்கிறோம்னு பெருமையா போட்டுருக்கீங்க. அதை நான் வரிக்கு வரி படிச்சேன். டெயிலிங்ஸுக்குப் பொறுப்பான ஒரு மேலதிகாரி பேரைச் சொல்லணும்னு இருக்கு, அணைக்குன்னு ஒரு பொறியாளர் இருக்கணும்னு இருக்கு, தண்ணி வரவு செலவுக் கணக்கு வைக்கணும்னு இருக்கு, கீழ வாழுறவங்களுக்குத் தகவல் சொல்லணும்னு இருக்கு, குறை சொல்ற தொழிலாளியப் பழிவாங்கக் கூடாதுன்னும் இருக்கு. பாண்டுக்கு ஸ்லரிய மாத்தி விடுறதுக்கு முன்னாடி அணைப் பொறியாளர் கையெழுத்துப் போட்டாரா? போட்டுருந்தா அந்தப் பேப்பரை வெளிய வைங்க. போடலன்னா இந்தச் சர்குலரை யார் அதிகாரத்துல ஒட்டுனீங்க?

நாங்க கேக்குறது இதுதான்.

பாண்டுக்குப் போற லைனை உடனே மூடுங்க. எல்லா மெஷினும் ஒரே நாள்ல ஓட முடியாது, டைல் நல்லா இருக்குறத முதல்ல ஓட்டுங்க, அதுக்குத் தாங்குற அளவுக்கு மட்டும் திக்னர்ல இருந்து குடுங்க, தாங்கலன்னா மில்லோட ஃபீடைக் கொறைங்க. உற்பத்தி கொறையும்னு தெரிஞ்சேதான் சொல்றேன். தேஞ்ச ஸ்க்ரோலுக்கு டைல் ஆர்டர் போடுங்க, பழைய ஸ்க்ரூ பம்பைத் திரும்ப மாட்டுங்க, பாலிமர் கரைக்க நல்ல தண்ணி குடுங்க.

இனிமே எந்த பாலிமரா இருந்தாலும் நம்ம ஸ்லரி மேலயே ஜார் டெஸ்ட் பண்ணி, அப்புறம் ஒரு மெஷின்ல ஓட்டிப் பாத்து, ஆப்பரேட்டரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாங்கணும். விலைய மூட்டைக் கிலோவுக்குப் பாக்காம, ஒரு டன் மண்ணுல இருந்து தண்ணிய எடுக்க என்ன செலவாகுதுன்னு பாருங்க. மானோமர் சர்டிபிகேட் இல்லாத மூட்டை கேட்டுக்குள்ள வரவே கூடாது. மெத்திலீன் ப்ளூ டெஸ்டுக்கு ஒரு ஆள், வாரத்துக்கு ரெண்டு தடவ, ரிசல்ட் நேரா டோசிங் பேனலுக்கு வரணும்.

மாச ரிப்போர்ட்ல கேக் சதவீதத்துக்குப் பக்கத்துலயே பாண்டுக்குப் போன தண்ணி எத்தன டன், திரும்ப வந்தது எத்தன டன், கரைக்குள்ள பீசோமீட்டர் (உள்ள இருக்குற தண்ணிய அளக்குற கருவி) காட்டுற மட்டம் என்ன, இது மூணும் இருக்கணும். அந்தப் பக்கத்தைக் கீழ இருக்குற குடியிருப்புகளுக்கும் குடுங்க, அவங்களுக்குப் புரியுற மொழில.

இத்தன நாள் போன ஸ்லரியால பாண்டுல என்ன ஆயிருக்குன்னு கம்பெனி சம்பளம் வாங்காத ஒரு நிபுணர வச்சுப் பாருங்க, அது முடியுற வரைக்கும் வொர்க்‌ஷாப்பையும் கேன்டீனையும் அணைக்கு எதிர்ப் பக்கம் மாத்துங்க, தற்காலிக ஷெட்டா இருந்தாலும் பரவால்ல. சைரன் வேலை செய்யுதான்னு எல்லாரும் இருக்கும்போது அடிச்சுக் காட்டுங்க, எந்த வழியா ஓடணும்னு ஒவ்வொரு ஷிஃப்டையும் நடக்க வச்சுக் காட்டுங்க.

கடைசியா, லாக் புக்ல இதெல்லாம் எழுதுன ஆப்பரேட்டர்கள்ல ரெண்டு பேருக்கு வேற யூனிட்டுக்கு மாத்தல் ஆர்டர் வந்துருக்கு. அதை ரத்து பண்ணுங்க. சென்ட்ரேட் கலங்கி வந்தாலோ வைப்ரேஷன் ஏறுனாலோ, மேல கேக்காம ஃபீடை நிறுத்துற அதிகாரத்தை ஷிஃப்ட்ல இருக்குற ஆளுக்கு எழுத்துல குடுங்க. இந்த மடலுக்குப் பதிலும் எழுத்துலதான் வேணும், டெயிலிங்ஸுக்குப் பொறுப்பான அதிகாரியோட பேரும் கையெழுத்தும் போட்டு, 15 நாளுக்குள்ள.

இப்படிக்கு,
டீவாட்டரிங் யூனிட்ல ஷிஃப்ட் பாக்குற ஒரு ஆப்பரேட்டர்